ஊக்குப் பக்கம்

முகத்தை எல்லாரும் பார்ப்பார்கள்.
நான் திருப்பித்தான் பார்ப்பேன்.
ஊக்கு துருவேறிய விதம் சொல்லிவிடும்,
உப்புக்காற்றில் கிடந்ததா
குலசேகரம் ரப்பர்க்காட்டு ஈரத்தில் கிடந்ததா என்று.

மின்வாரியத்தில் ரீடிங் எடுக்கிறவள்.
ஒருநாளைக்கு நூற்றைம்பது வீடு.
மீட்டர் பெட்டிக்குள் சனங்கள் என்னவெல்லாம் வைக்கிறார்கள்:
சாவி, பழைய ரசீது,
போன தேர்தலில் தோற்றவரின் தகர வட்டம்.
எடுத்துக்கிடட்டா என்று கேட்பேன்.
"கொண்டு போ பிள்ளே, குத்தாம இருந்தாச் சரி."

தக்கலையில் என் அறையில் இப்போது முந்நூற்றுப் பன்னிரண்டு.
அறிவொளி வகுப்பின் மஞ்சள் சூரியன்.
முந்திரி ஆலைப் பெண்கள் சங்கம், இரண்டாம் மாநாடு;
விளிம்பில் தோட்டெண்ணெய் பட்ட விரலின் கறுப்பு
எதைப் போட்டுத் துடைத்தும் போகவில்லை, பிறகு துடைக்கவில்லை.
விடுமுறை வேதப்பள்ளி ஆட்டுக்குட்டி, ஒரு கண் இல்லாமல்.
ஒன்றின் தாள் மழையில் கிளம்பி வந்தது,
அடியில் எதிர்க்கட்சிச் சின்னம்.
கோட்டாறில் அச்சடித்தவன்
தகரத்தை மிச்சம் பிடித்திருக்கிறான்.
இரண்டு பக்கத்துக்காரர்களும் ஒரே நெஞ்சைக்
குத்தித்தான் நின்றிருக்கிறார்கள்.

'தொண்டர்' என்று மட்டும் ஒன்று.
எந்தத் திருவிழா, எந்தப் பந்தி, எதுவும் கிடையாது.
தனியாக இருக்கும் இரவுகளில்
அதைக் குத்திக்கொண்டு சோறு பொங்குவேன்.

அது மார்த்தாண்டம் ஆக்கர் கடையில் கிடைத்தது.
தாசையன் ஆணியோடும் தாழ்ப்பாளோடும் சேர்த்து நிறுத்தான்.
நீல வட்டம், வெள்ளை எழுத்து: தேடு.
கீழே பொடியாக ஒரு படகின் பெயர், பதினொரு பேர்.
பதினாலு ரூபாய் கொடுத்தேன்.

நூலக ஆண்டுவிழாவுக்கு
நாலு தட்டில் அடுக்கிக் கொண்டுவைத்தேன்.
'பழைய பேட்ஜுகள்' என்று அட்டையில்
நானேதான் எழுதினேன், சிவப்பு ஸ்கெட்ச்சில்.
சகாய ஷீபா மூன்றாவது தட்டு முன்னால் நின்றாள்.
பின்னால் வந்த பிள்ளைகள் அவளைச் சுற்றிப் போனார்கள்.

"இது எங்கேருந்து கிடைச்சது?"
ஆக்கர் கடை என்றேன்.
"பழசுன்னு எழுதியிருக்கு."
ஆமாம் என்றேன்.
"ஆன்றோ இன்னும் வரேல்ல.
பெறவு இது எப்பிடிப் பழசாவும், கேட்டியளா?"

விட்டம் எவ்வளவு என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.
எந்த ஆண்டு, என்ன தகரம், அதுவும் சொல்லியிருப்பேன்.
அவள் எடுத்தாள்.
வளைந்த ஊக்கைப் பல்லால் நிமிர்த்தித்
துப்பட்டாவில் குத்திக்கொண்டு
வெயிலுக்குள் போனாள்.
தட்டு வெல்வெட்டில் வெளுக்காத ஒரு வட்டம்.
அந்த ஆட்டுக்குட்டியை நகர்த்தி வையுங்கள்,
இடம் அசிங்கமாகத் தெரிகிறது என்றார் நூலகர்.
நகர்த்தவில்லை.
அட்டையைக் கிழித்தேன். வேறு என்ன எழுதுவதென்று தெரியாமல்
எழுதாமலே விட்டேன்.

ஆடியில் என்னைக் குளச்சல் செக்ஷனுக்கு மாற்றினார்கள்.
கடலைப் பார்த்த கடைசித் தெருவில்
ஒரு கதவில் அவள் பெயருக்கு மேலே அவன் பெயர்.
மீட்டர் எழுபத்தெட்டு யூனிட் காட்டியது.
பிரிட்ஜ் இல்லை, டிவி இல்லை, ஒற்றை ஆள்.
கூடுதல்தானே என்று அண்ணாந்தேன்:
பகல் பதினொரு மணிக்கு
வாசல் தலைக்கு மேலே குண்டு பல்பு ஒன்று
எரிந்துகொண்டிருந்தது.

அவள் சந்தைக்குப் போயிருந்தாள்.
பல்பை அணைக்கச் சொல்லும் வேலை என்னுடையதல்ல.
நூறு வரைக்கும் காசில்லை.
பூஜ்யம் என்று குறித்து
அட்டையைக் கதவிடுக்கில் செருகும்போது
ஆணியில் தொங்கிய துப்பட்டா காற்றில் புரண்டு
முதுகைக் காட்டியது.

தகரம் இன்னும் கொஞ்சம் அரித்திருந்தது.
ஊக்கு மட்டும் புதுசு.